செபமாலை அன்னை எழுந்தருளாத மாளிகை

லூர்து நகரில் மூன்று நாள்கள் தங்கி, அன்னையின் கெபியில் எங்கள் நேர்ச்சைகளைச் செலுத்திவிட்டு, பிரெனே மலைகளைக் கடந்து ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரை அடைந்தபோது எங்கள் குழுவினர் அனைவரின் உள்ளத்திலும் ஒரே ஆவல்தான் இருந்தது. உலகம் வியக்கும் திருக்குடும்ப ஆலயத்தைக் கண்ணாரக் காணவேண்டும். அதன் நிலவறைக் கோவிலில் ஒரு திருப்பலி காணவேண்டும். ஆனால் எங்களை அழைத்துச் சென்ற குருவானவரின் திட்டம் வேறாக இருந்தது. "ஆலயத்தை மாலையில் பார்ப்போம். காலையில் ஒரு வீட்டைப் பார்ப்போம். இரண்டையும் கட்டியவர் ஒருவரே" என்றார்.

எங்களுக்கு அது உவப்பாக இல்லை. "யாத்திரை வந்த நமக்குப் பணக்காரர் வீட்டில் என்ன வேலை, சுவாமி?" என்று குழுவில் மூத்தவரான அம்மையார் ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். குருவானவர் புன்னகைத்தாரேயன்றி விடை கூறவில்லை.

பசேச் தெ கிராசியா என்பது பார்சலோனா நகரின் செல்வர் வீதி. அகன்ற நடைபாதை, இருமருங்கும் நிழல் மரங்கள், அவற்றுக்குப் பின்னால், ஒன்றையொன்று விஞ்ச எண்ணிக் கட்டப்பெற்றவை போன்ற மாளிகைகள். நடைபாதையில் பதித்திருந்த தரைக்கற்கள் ஒவ்வொன்றும் அறுகோண வடிவம். உற்று நோக்கினால் அவற்றில் கடற்பாசி, நத்தைச் சுருள், நட்சத்திர மீன் போன்ற கடல்வாழ் உயிர்களின் உருவங்கள் புடைப்பாகத் தெரிகின்றன. வீட்டுத் தரைக்கென ஒரு கட்டடக் கலைஞர் வரைந்த வடிவம் அது; நாங்கள் காணச் சென்ற மாளிகையின் அறைகளில் பதிக்கப்பெற்றது; பின்னாளில் நகரமே அதனை எடுத்துத் தன் தலைசிறந்த வீதிக்கு அணிவித்துக்கொண்டது. இதனைக் குருவானவர் சொல்லி அறிந்தபோது நாங்கள் பாதி வீதியை மிதித்துக் கடந்துவிட்டிருந்தோம்.

92-ஆம் எண் இல்லம், புரோவென்சா என்னும் குறுக்குத் தெரு வந்து சேரும் முனையில் இருக்கின்றது. பார்சலோனாவின் புதுநகரப் பகுதியில் மனைத்தொகுதிகளின் மூலைகளைச் சாய்வாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். அப்படி வெட்டிய மூலையொன்றை முழுதும் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கின்றது இவ்வீடு. முதற்பார்வையில் எங்களுக்கு அது வீடாகவே தோன்றவில்லை. கடலலைகள் அரித்து அரித்துக் குடைந்த பாறை முகடொன்றை ஊரின் நடுவே யாரோ கொணர்ந்து வைத்துவிட்டதுபோல் இருந்தது. வெண்மையும் மங்கலுமான கல்; நேர்கோடு என்பதை மருந்துக்கும் காணோம். சுவர் உள்வாங்குகிறது, வெளியே பிதுங்குகிறது, மறுபடி உள்வாங்குகிறது. குகைவாய்கள் போன்ற சாளரங்களின் முன்னே, கரையொதுங்கிய கடற்பாசியைப்போல் முறுக்கி நெளித்த இரும்பு வேலி. அவ்விரும்பு வேலைகளில் ஜுசெப் மரியா ஜுஜோல் என்னும் இளங்கலைஞரின் கைவண்ணம் உண்டு.

இல்லத்தின் முறையான பெயர் 'காசா மிலா', அதாவது மிலா குடும்பத்தாரின் வீடு. ஊரார் இட்ட பெயர் 'லா பெத்ரேரா'. கல்வெட்டாங்குழி என்று நம் தென்மாவட்டங்களில் சொல்கிறோமே, அதுவே அதன் பொருள். கட்டும் காலத்தில் ஏளனமாக வைத்த பெயர் அது. ஆகாயக் கப்பல்களை நிறுத்திவைக்கும் கொட்டகை இது என்று அந்நாளைய நகைச்சுவை இதழ்கள் படம் வரைந்து சிரித்தன. ஏளனம் மறைந்தது, பெயர் நிலைத்தது. 1984-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

இல்லத்தின் தலைவர் பெரே மிலா. பஞ்சாலைத் தொழிலில் வளம்பெற்ற குடும்பத்தின் மைந்தர். நாகரிக மோகம் கொண்டவர். மோட்டார் வண்டிகளில் பெருவிருப்பமுடையவர். இல்லத்தின் தலைவி ரொசேர் செகிமோன் அம்மையார். குவாத்தமாலா நாட்டில் காப்பித் தோட்டங்களால் பெருஞ்செல்வம் ஈட்டிய குவார்தியோலா என்பவரின் கைம்பெண்ணாக இருந்து, பின்னர் பெரே மிலாவை மணந்தவர். அம்மக்களின் கத்தலான் மொழியில் 'குவார்தியோலா' என்றால் உண்டியல் என்றும் பொருளாம். ஆகவே, "மிலா மணந்தது குவார்தியோலாவின் கைம்பெண்ணையா, கைம்பெண்ணின் குவார்தியோலாவையா?" என்று ஊரார் கேலி பேசினராம். ஊர்வாய் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலும்!

அம்மையாரின் பெயரை நம் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 'ரொசேர்' என்பது கத்தலான் மொழியில் செபமாலை. நம் ஊர்களில் பெண்மக்களுக்குச் செபமாலை என்று பெயரிடுவதில்லையா? அதே பெயர்தான், அதே பக்திதான். இவ்வீட்டின் கதை முழுவதும் அந்தப் பெயரைச் சுற்றியே அமைந்திருக்கின்றது.

அம்மையார் பிறந்த ஊராகிய ரெயுஸ் வட்டாரத்திலேயே 1852-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று, செம்புப் பாத்திரம் செய்யும் கன்னார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அந்தோனி கவுதி. இளமையில் மூட்டுவாதத்தால் வருந்தியதால் மற்றச் சிறுவரைப்போல் ஓடியாட இயலவில்லை. தந்தையின் பட்டறையில், தட்டையான தகடு சுத்தியலடியில் குழிந்து வளைந்து குடமாவதைப் பார்த்து வளர்ந்த கண்கள் அவருடையவை. 1878-இல் கட்டடக் கலைப் பட்டம் பெற்றார். 1883-இல் திருக்குடும்ப ஆலயப் பணியை ஏற்றார். மணம் செய்துகொள்ளவில்லை. 1894-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் உயிருக்கே ஊறுவரும் அளவுக்குக் கடும் நோன்பு இருந்தார். பின்னாளில் ஆயரான தோராஸ் இ பாஜெஸ் என்னும் குருவானவர் வந்து அறிவுரை கூறிய பின்னரே உணவு கொண்டாராம். இத்தகைய ஒருவரிடம்தான் நாகரிக மோகம் மிக்க மிலா தமது வீட்டை ஒப்படைத்தார். அதே வீதியில் பத்லியோ குடும்பத்தாருக்குக் கவுதி அமைத்துக்கொண்டிருந்த வீட்டின் அழகு அவரை ஈர்த்திருந்தது.

1906-ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. முதல் தளம் முழுவதும், 1,323 சதுர மீட்டர் பரப்பு, மிலா குடும்பத்தாருக்கு. மேலே உள்ள தளங்கள் வாடகைக்கு. இரண்டு பெரிய முற்றங்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் காற்றும் வெளிச்சமும் வருகின்றன. கட்டடத்தைத் தாங்குவது சுவர்கள் அல்ல. கல்லாலும் செங்கல்லாலும் இரும்பாலும் ஆன தூண்களும் உத்திரங்களுமே. அந்த மாபெரும் கல்முகப்பும் பாரம் சுமப்பதில்லை. இரும்பு உத்திரங்களைப் பற்றிக்கொண்டு தன் எடையை மட்டும் தாங்கி நிற்கின்றது. எனவே குடியிருப்போர் தத்தம் விருப்பப்படி உட்சுவர்களை அகற்றலாம், மாற்றலாம். இன்று இது எளிய செய்தி. நூறாண்டுகளுக்கு முன்னர் இது புரட்சி. நிலத்தடியில் வண்டிகளை நிறுத்தவும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். குதிரைவண்டிக் காலம் இன்னும் முடியாத நாளில்!

எங்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண்தளம். பணிப்பெண்கள் துணி துவைத்து உலர்த்துவதற்கென்று அமைந்த இடம் அது. உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. மண்ணிறச் செங்கல் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக, பெருமீனின் விலா எலும்புகளைப்போல் நீண்டு வளைந்து செல்கின்றன. மொத்தம் 270 வளைவுகளாம். யோனா இறைவாக்கினர் நினைவுக்கு வந்தார்.

"இவ்வளைவை எப்படிக் கணித்தார் தெரியுமா? அம்மா, உங்கள் செபமாலையைக் கொஞ்சம் கொடுங்கள்" என்றார் குருவானவர். முன்னர் முணுமுணுத்த அந்த அம்மையாரே தமது கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கொடுத்தார். குருவானவர் அதனை ஓரிடத்தில் பிரித்துப் பிடிப்பதுபோல் இரு கைகளுக்கும் இடையே தொங்கவிட்டார். மணிகள் தம் எடையாலேயே ஓர் அழகிய வளைவாகத் தாழ்ந்து நின்றன. கைகளை நெருக்கினால் வளைவு ஆழமாகின்றது; விலக்கினால் ஆழம் குறைகின்றது. "இதனைத் தலைகீழாக்கிக் கல்லிலோ செங்கல்லிலோ கட்டினால், பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கத் தேவையில்லாமல் அது தானே நிற்கும். தொங்கும்போது ஒவ்வொரு மணியும் மற்றதை இழுக்கிறது. கவிழ்த்தால் ஒவ்வொரு கல்லும் மற்றதைத் தாங்குகிறது. கவுதி கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் சிறு எடைப்பைகளைக் கட்டி, ஒரு கோவிலுக்கே இப்படி மாதிரி செய்து பார்த்தவர்" என்று விளக்கினார். கட்டடத்தின் அகலம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் வளைவுகளின் உயரமும் வேறுபடுகின்றது. அதனால்தான் மேலே உள்ள மாடியும் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகின்றது. அது கலைஞரின் விளையாட்டு என்று எண்ணியிருந்தோம்; இப்போதுதான் கணக்கு புரிந்தது.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. மிலா தம்பதியரும் அதன் பொருளை நன்கு உணர்ந்திருப்பர். தரைத்தளத் தூண் ஒன்று யானைக்கால்போல் பருத்து நடைபாதைக்குள் நீண்டுவிட்டது என்று நகராட்சி முறையிட்டது. "வேண்டுமானால் பாலாடைக்கட்டியை அறுப்பதுபோல் அறுத்துவிடுகிறேன், அறுத்த முகத்தில், நகராட்சியின் ஆணைப்படி வெட்டப்பட்டது என்று பொறித்தும் வைக்கிறேன்" என்ற பொருள்படக் கவுதி மறுமொழி கூறியதாகக் கதை உண்டு. பின்னர், விதித்த அளவை விடக் கட்டடம் 4,000 கன மீட்டர் மிகுந்துவிட்டது. ஒரு இலட்சம் பெசேத்தா தண்டம் கட்டவேண்டும், அல்லது பரணையும் மாடியையும் இடிக்கவேண்டும் என்றார்கள். இந்த வழக்கு 1909 டிசம்பர் 28 அன்றுதான் தீர்ந்தது. இக்கட்டடம் நினைவுச் சின்னத்தின் தகுதி உடையது. ஆகவே விதிகளை வரிக்கு வரி பின்பற்றவேண்டியதில்லை என்று குழு முடிவு செய்தது. கலை வென்றது என்று மகிழலாம். எனினும், இதே சலுகை ஓர் ஏழையின் குடிசைத் திண்ணைக்குக் கிடைத்திருக்குமா என்ற எண்ணமும் எங்களுக்கு எழாமல் இல்லை.

ஆனால் இவையெல்லாம் பண நட்டத்தோடும் மனக்கசப்போடும் போயின. வேறொன்று நடந்தது, அதற்காகத்தான் குருவானவர் எங்களை இங்கு அழைத்து வந்திருந்தார்.

தெருவின் எதிர்ப்புறம் சென்று நின்று, முகப்பின் உச்சியைக் காட்டினார். அலையலையாய் வளைந்த விளிம்பின் கீழே எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் எங்களால் படிக்க இயலவில்லை. கல்லின் நெளிவுகளுக்குள் எழுத்தும் நெளிந்து மறைகின்றது. மெல்ல மெல்லத் தெளிந்தது. கபிரியேல் தூதர் கன்னிமரியாளுக்கு உரைத்த மங்கள வார்த்தை, இலத்தீன் மொழியில். நாம் நாள்தோறும் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் தொடக்கச் சொற்கள். சரியாக முனையின் நடுவில், ஒரு ரோசா மலரின் மீது, மரியாளின் பெயரின் முதலெழுத்து. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத இடம்தான் கவுதியின் உள்ளத்தில் இவ்வீட்டின் தலைவாசல். இல்லத் தலைவியின் பெயர் செபமாலை ஆதலால், இல்லத்தின் உச்சியில் செபமாலை மாதாவின் பெரிய சுரூபம் ஒன்றை நிறுவவேண்டும்; அன்னையின் இருமருங்கும் அதிதூதர்களான மிக்கேலும் கபிரியேலும் நிற்கவேண்டும் என்று அவர் திட்டமிட்டிருந்தார். கார்லெஸ் மானி என்னும் சிற்பி அதற்கான மாதிரியைச் செய்தார். வீடு முழுவதும் அன்னைக்கு ஒரு பீடமாக அமையவேண்டும் என்பது கவுதியின் கருத்து.

அவ்வேளையில்தான் 1909-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் வந்தது. மொரோக்கோ நாட்டில் நடந்த போருக்குப் படையாட்களை மறுபடி அழைத்தார்கள். மனைவி மக்களோடு வாழ்ந்த தொழிலாளரைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். 1,500 பெசேத்தா கட்டக்கூடியவனுக்குப் போர் இல்லை. கட்ட இயலாதவன் போகவேண்டும். கூலியாளின் குடும்பம் கனவிலும் காணமுடியாத தொகை அது. ஜூலை 26 அன்று வேலைநிறுத்தம் தொடங்கிற்று. மறுநாளே அது கலகமாயிற்று. செல்வர் மீதும் அரசு மீதும் கொண்ட சினம் எப்படியோ திருச்சபையின் மீது பாய்ந்தது. ஒரு வார காலத்துக்குள் கோவில்களும் கன்னியர் மடங்களும் துறவறப் பள்ளிகளுமாக ஏறத்தாழ 80 இல்லங்கள் தீக்கிரையாயின. அதன் பின்னர் இராணுவத்தின் துப்பாக்கிகள் பேசின. 'துயர வாரம்' என்று அந்நாட்டார் அதனை இன்றும் அழைக்கின்றனர்.

நகரத்தின் மீது புகை அடங்கியபோது பெரே மிலாவின் உறுதியும் அடங்கிவிட்டது. செல்வர் வீதியில், எல்லோர் கண்ணிலும் படும்படி, உச்சியில் மாதா சுரூபம் உள்ள வீட்டை அடுத்த முறை வருகிறவர்கள் மடம் என்று எண்ணிக் கொளுத்திவிட்டால்? சுரூபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிற்பியின் மாதிரியே அவருக்குப் பிடிக்கவில்லை என்றும் சிலர் கூறுவர். எது முதற்காரணமாயினும் முடிவு ஒன்றே.

கவுதி மனமுடைந்தார். வேலையையே விட்டு விலகிவிட எண்ணினார். அன்னை இல்லாத பீடத்தை அவர் ஏன் கட்டவேண்டும்? அப்போது குருவானவர் ஒருவர் அவரிடம் பேசி, எடுத்த பணியை முடிக்கும்படி இணங்கவைத்தார் என்று வரலாறு கூறுகின்றது. என்ன சொல்லி இணங்கவைத்திருப்பார் என்று நாங்கள் எங்களுக்குள் வினவிக்கொண்டோம். ஒருவர், "கொடுத்த வாக்கைக் காப்பதும் ஒரு செபம்தான் என்று சொல்லியிருப்பார்" என்றார். மற்றொருவர், "கொத்தனார்களுக்குக் கூலி நிற்குமே என்று சொல்லியிருப்பார்" என்றார். இரண்டாவது விடை எங்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

பேச்சு பெரே மிலாவின் பக்கம் திரும்பியது. இளைஞர் ஒருவர் கடுமையாகவே பேசினார்: "ஊருக்கு அஞ்சி மாதாவை வெளியே நிறுத்திய வீடு இது!" மூத்த அம்மையார் அதனை ஏற்கவில்லை. "தம்பி, பிள்ளைகுட்டி குடியிருக்கிற இடத்துக்குத் தீ வைத்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறவரை நான் குறைசொல்ல மாட்டேன். நம் வீட்டிலும் கலவரக் காலத்தில் வாசலில் இருந்த படத்தைக் கழற்றி உள்ளறையில் வைத்தோம். படம் உள்ளே இருந்தபோது நாங்கள் செபித்ததுபோல் அதற்கு முன்னும் செபித்ததில்லை, பின்னும் செபித்ததில்லை" என்றார். இளைஞர் அடங்கிப்போனார்.

எங்கள் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறோம். மிலாவின் அச்சம் இயல்பானது. குறை அங்கே இல்லை. சுரூபத்தை எடுத்துவிட்டால் வீட்டுக்கு ஒன்றும் குறைவில்லை என்று அவர் எண்ணினார். சுரூபத்தை எடுத்துவிட்டால் வீடே இல்லை என்று கவுதி எண்ணினார். ஒருவருக்கு அணிகலன், மற்றவருக்கு உயிர். அவ்விருவரும் ஆண்டுக்கணக்கில் ஒரே சாரத்தின் கீழ் நின்று பேசிக்கொண்டிருந்தும் இதனை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை போலும். ஆனால் எழுத்துகளை மட்டும் யாரும் அகற்றவில்லை. மங்கள வார்த்தை கல்லில் நின்றுவிட்டது. கொளுத்த வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து இலத்தீன் படிக்கமாட்டார்கள் என்று மிலா கணக்கிட்டிருக்கலாம்!

மொட்டைமாடிக்குச் சென்றபோது கவுதி முழுதும் பணிந்துவிடவில்லை என்பதைக் கண்டோம். படிக்கட்டுகள் வந்து முடியும் கூண்டுகள் ஆறு; புகைபோக்கிகள் 28; காற்றுப்போக்கிகள் இரண்டு. போர்வீரரின் தலைக்கவசங்களைப்போல் முறுக்கி நிற்கும் புகைபோக்கிகளைத்தான் எல்லோரும் படமெடுக்கின்றனர். ஒரு சிலவற்றின் உச்சியில் உடைந்த புட்டிக் கண்ணாடியைப் பதித்திருக்கிறார்கள். வெயிலில் பச்சையாய் மின்னுகின்றது. எங்கள் கண்கள் படிக்கூண்டுகளின் மேல் சென்றன. நான்கு திசையும் நோக்கிக் கைவிரித்த சிலுவைகள்! வீதியில் நிற்பவருக்கு எளிதில் புலப்படாமல், வானத்தை நோக்கி நிற்கின்றன. மாடியில் உள்ள ஒரு சிறு வளைவின் ஊடே பார்த்தால், தொலைவில் திருக்குடும்ப ஆலயத்தின் கோபுரங்கள் சட்டமிட்ட படம்போல் தெரிகின்றன. யாத்திரைக்கு வந்தவர்களுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வியை அதன்பின் யாரும் எழுப்பவில்லை.

1912-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று, பணி நிறைவுற்றதென்று கவுதி சான்றிதழில் கையொப்பமிட்டார். கூலி பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. கவுதி வென்றார். வீட்டை அடகுவைத்து 1,05,000 பெசேத்தா கொடுக்க நேர்ந்தது. தீர்ப்பில் கிடைத்த தொகையை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் துறவியருக்குக் கொடுத்துவிட்டார். அறப்பணிக்குக் கொடுப்பதற்கென்றே வழக்காடினாரா, நீதி நிலைக்கவேண்டும் என்று வழக்காடினாரா என்பது அவருக்கும் ஆண்டவருக்குமே வெளிச்சம். நாங்கள் அறிந்த சில மேஸ்திரிகளின் முகங்கள் எங்கள் நினைவில் வந்து போயின.

ரொசேர் அம்மையாருக்கு இந்த வீடு ஒருபோதும் மனத்துக்கு இசைந்ததில்லை. நேரான சுவர் ஒன்றுகூட இல்லையே, என் பியானோவை எங்கே வைப்பது என்று அவர் முறையிட்டபோது, வயலின் வாசிக்கப் பழகுங்கள் என்று கவுதி கூறினாராம். உண்மையோ கற்பனையோ, இருவரையும் அறிந்தவர் புனைந்த கதைபோல் இருக்கின்றது. கவுதி உயிரோடு இருக்கும் வரை அம்மையார் பொறுத்திருந்தார். அவர் மறைந்த பின்னர், தமது தளத்தில் கவுதி செய்திருந்த அணிவேலைகளை மறைத்து, பிரெஞ்சு அரசர் காலப் பாணியில் மாற்றிக்கொண்டார்.

1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது மிலா அஞ்சியது மெய்யாயிற்று. மீண்டும் கோவில்கள் எரிந்தன. திருக்குடும்ப ஆலயத்தில் கவுதி விட்டுச்சென்ற மாதிரி வடிவங்களைக் கலகக்காரர் உடைத்தெறிந்தனர். இவ்வீட்டை அரசியற் கட்சியொன்று கைப்பற்றி, அதன் தலைவர் முதல் தளத்தில் குடியேறினார். போர் முடிந்து மிலா குடும்பத்தார் திரும்பினர். 1940-இல் பெரே மிலா காலமானார். 1946-இல் அம்மையார் வீட்டை விற்றுவிட்டார். எனினும் அதே தளத்திலேயே 1964-இல் தமது மரணம் வரை வாழ்ந்தார். பிடிக்காத வீட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல்! இடைக்காலத்தில் அந்த அழகிய பரண்தளத்தையும் சிறு வீடுகளாகத் தடுத்துவிட்டிருந்தனர். 1986-இல் கத்தலோனியச் சேமிப்பு வங்கி ஒன்று கட்டடத்தை வாங்கிப் பழுதுபார்த்தது. தடுப்புகள் அகன்றன, 270 வளைவுகளும் மறுபடி வெளிச்சம் கண்டன, 1996-இல் இல்லம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

கவுதி இதன்பின் எவருக்கும் தனி இல்லம் கட்டவில்லை. திருக்குடும்ப ஆலயமே அவருடைய வாழ்வாயிற்று.

மாலையில் நாங்கள் வண்டி ஏறவில்லை. வீட்டின் ஒரு பக்கமாகச் செல்லும் புரோவென்சா தெரு நேரே சென்று திருக்குடும்ப ஆலயத்தின் ஓரத்தைத் தொடுகின்றது. அரைமணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். வழியில் குருவானவர் கவுதியின் முடிவைச் சொன்னார். 1926-ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று, வழக்கம்போல் புனித பிலிப்பு நேரி ஆலயத்துக்குப் பாவசங்கீர்த்தனத்துக்காக நடந்து சென்றவர்மீது டிராம் வண்டி மோதியது. கந்தலான உடை, பையில் அடையாளச் சீட்டு எதுவும் இல்லை. பிச்சைக்காரர் என்று எண்ணி வாடகை வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தனர். ஏழைகளுக்கான திருச்சிலுவை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் ஆலயத்தின் குருவானவர் தேடிவந்து அடையாளம் காட்டும்வரை அவர் யாரென்று தெரியவில்லை. ஜூன் 10 அன்று, தம் 73-ஆம் வயதில் உயிர்நீத்தார். செல்வர் வீதியின் மிகச்சிறந்த வீட்டைக் கட்டியவரை அந்நகரத்து வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, தாம் இறைவனடி சேர்வதற்கு ஒரு வாரம் முன்னர், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் கவுதியின் வீரத்துவமான புண்ணியங்களை ஏற்று அறிவிக்க இசைவளித்தார். அதன்படி அவர் 'வணக்கத்துக்குரியவர்' என அழைக்கப்பெறலானார்.

நிலவறைக் கோவிலில் கார்மேல் மாதா சிற்றாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கின்றது. மேலே பேராலயத்தில் சுற்றுலாக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. இங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் முழந்தாளிட்டிருந்தனர். கல்லறை அருகே எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளோடு எங்கள் திரியையும் ஏற்றினோம். செபமாலை தொடங்கலாமா என்று குருவானவர் சைகை காட்டினார்.

மூத்த அம்மையார் தமது மாலையைக் கையில் எடுத்தார். "சுவாமி, முதல் பத்து மணியை ரொசேர் அம்மாளின் ஆன்மாவுக்காக ஒப்புக்கொடுப்போம்" என்றார். காலையில் கடிந்து பேசிய இளைஞர்தான் முதலில் சிலுவை அடையாளம் வரைந்தார்.